கழுத்தளவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொல்லைப்புறத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி, கடைசல் பட்டறை வைத்திருக்கிற அவள் புருஷன், தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் தம்பி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு அவள் மகள், நீச்சல் குளம் கட்டித் தருகிற கம்பெனியிலிருந்து வந்திருந்த எஸ்டிமேட்காரர். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் கேட்டாள்.

வீட்டுக்காரியை வேலை செய்த இடத்தில் ஆவியக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நீராவி இஸ்திரி மெஷினில் நின்றவள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் பெயரைக் கேட்டு, பின்னால் ஏதோ பேய்க்கதை இருக்கிறது என்று மிரண்டுபோவார்கள். அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. பயம் இருந்தால் படுக்கை விரிப்பை மூலை பிசகாமல் மடிப்பார்கள்.

போன மாதம் வேலையை விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை; இன்னும் ஆறு வருஷம் இருந்திருக்கலாம். ஆனால் ஈரச் சிமெண்டுத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலக் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தன. கணக்கு முடித்துக் கொடுத்த பணம் பதினோரு லட்சம். அது பேங்கில் ஏறிய அன்று மதியம், சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"கொல்லையில எனக்குக் கழுத்தளவு தண்ணி வேணும்."

புருஷன் சோற்றில் இருந்து கையை எடுத்தார். "ஏன், மேல தொட்டில தண்ணி ஏறலையா?"

"குளிக்க இல்லைங்க. இறங்கி நிக்க."

அவர் ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தார். பிறகு, "நீச்சல் குளமா?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் நீச்சல் குளம் என்றே சொன்னார்கள். அவள் அந்த வார்த்தையை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னக் குளம் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் வர்ணம் அடிப்பதற்காக அதைக் காலி செய்ய இருந்தார்கள். அழுக்குத் துவாலை எடுக்கப் போனவளைப் பார்த்து அங்கே வேலை செய்கிற பெண், "இன்னும் அரை மணியில தண்ணியத் தொறந்து வெளிய விட்டுருவோம். இறங்கிப் பாக்குறியாக்கா?" என்றாள். ஆவியக்கா யூனிஃபார்மோடு இறங்கினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்து நின்றது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் எவ்வளவு நேரம் என்று தெரியும்: பதினோரு நிமிஷம். காலும் இடுப்பும் வாயை மூடிக்கொண்டன. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து போனது மாதிரி இருந்தது. பிறகு மேலே வந்து, யூனிஃபார்மைப் பிழிந்து, தன் மெஷினிலேயே வைத்து ஆவியில் காயவைத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, தண்ணீரில் நின்றேன் என்பதைத் தவிர.

வேலையை விட்ட மறுவாரம் ஊர் நீச்சல் கிளப்புக்கும் போய்க் கேட்டுப் பார்த்தாள். பெண்களுக்கு மதியம் இரண்டிலிருந்து மூன்று. நீச்சல் தெரியாதவர்கள் பாடம் படிக்கிற வரிசையில் நிற்க வேண்டும். "நான் கத்துக்க வரலை, ஓரமா நிக்கிறேன்" என்றாள். "சும்மா நிக்கிறதுக்கெல்லாம் சீட்டு கிடையாதும்மா" என்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

எஸ்டிமேட்காரர் நல்ல மனுஷர்தான். வெயிலுக்குச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. கையில் வழவழப்பான படப் புத்தகம். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவர் குளத்தோரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மகள் போட்டுக் கொடுத்த டீயைக் கீழே வைக்க இடம் இல்லாமல், ஒரு கையில் டீயும் ஒரு கையில் புத்தகமுமாக நின்றார்.

"இருபத்தி நாலுக்குப் பன்னெண்டு, இருபதுக்குப் பத்து, பதினாறுக்கு எட்டு. மூணு சைஸ் மேடம். உங்க இடத்துக்கு இருபதுக்குப் பத்து கரெக்டா உக்காரும். ஆழம் எவ்வளவு போடலாம்?"

"கழுத்தளவு" என்றாள் ஆவியக்கா.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, புத்தகத்தின் மேல் படிவத்தை விரித்து, பேனாவோடு காத்திருந்தார். கழுத்தளவு என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

"நாலடி பத்து இஞ்ச்" என்றார் புருஷன், கேட்ட மாத்திரத்தில்.

கடைசல்காரர் அளவு சொன்னால் அந்தப் பேட்டையில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. இரும்புத் தண்டைக் கடைந்து அரை நூல் பிசகாமல் இறக்குகிற கை. சட்டைப் பையில் எந்நேரமும் அளவுக் கருவி இருக்கும்; கல்யாண வீட்டுக்குப் போனால்கூட. ஆவியக்காவும் மறுக்கவில்லை. அவருக்குத் தெரியாத அளவா என்று விட்டுவிட்டாள்.

எஸ்டிமேட்காரர் கூட்டிக் கழித்துச் சொன்னார்: கட்டுவதற்கு எட்டு லட்சத்து அறுபதாயிரம். அதில் பம்ப், வடிகட்டி, நீல ஓடு, விளக்கு எல்லாம் அடக்கம். அப்புறம் மாதாமாதம் பம்புக்குக் கரண்ட், மருந்து, சுத்தம் செய்கிற ஆள், குறைகிற தண்ணீரை நிரப்புவது என்று பதினோராயிரம்.

"மாசம் பதினோராயிரமா!" மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவள் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எதைப் பார்த்தாலும் அதில் என்ன கெட்டது நடக்கும் என்று முதலில் தெரிந்துவிடும். "அம்மா, நீ சம்பாதிச்சது, நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன். இந்த வாண்டு கண் மூடித் தொறக்கிறதுக்குள்ள எங்கயாவது ஓடிருது. தண்ணியில விழுந்துச்சுன்னா? சுத்தி வேலி போடணும். அது தனிச் செலவு. நாளைக்கு வீட்டை விக்கணும்னா, குளம் இருக்கிற வீட்டை வாங்க எவன் வருவான்?"

"வீட்டை யாரு விக்கிறா?" என்றான் தம்பி. "அக்கா வாழ்க்கையில ஒண்ணு கேட்டிருக்கு. கட்டிக் குடுத்துட்டுப் போங்களேன். தண்ணி என் பொறுப்பு. என் லாரியில நாலரை லோடு."

"ஓசியிலயா அடிக்கப் போற?"

"ஓசியிலன்னு சொல்லலையே. பாதி ரேட்டு."

"பாத்தியாம்மா, உன் தம்பி பாசத்த."

"மாமா, உங்க பொண்ணக் கொஞ்சம் அடக்கி வைங்க. பேச்சுக்குப் பேச்சு பிரீமியம் போடுறா."

கடைசல்காரர் இதில் கலந்துகொள்ளவில்லை. எட்டு லட்சத்து அறுபதாயிரத்தை ஒரு கன அடித் தண்ணீருக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டிருந்தார். வகுத்து முடித்து, "வேண்டாத வேலை" என்றார்.

எஸ்டிமேட்காரர் பிடி நழுவுவதைப் பார்த்து, தண்ணீரில் போடுகிற மருந்து என்று கூடக் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்தார். மூன்று டப்பாக்கள். "இது எங்க ஸ்பெஷல் பேக்கேஜ் மேடம். மாசத்துக்கு நாலாயிரத்து ஐநூறுதான். இத யூஸ் பண்ணினா தண்ணி கண்ணாடி மாதிரி…"

ஆவியக்கா முதல் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து, தூரத்திலேயே வைத்துக் கையால் காற்றைத் தன் பக்கம் விசிறிக்கொண்டாள். சலவைக்கூடத்தில் மூக்கை நேராக நீட்டுகிறவர்கள் முதல் நாளே வாந்தி எடுப்பார்கள்.

"ப்ளீச்சிங் பவுடர்" என்றாள்.

"மேடம், இது கொஞ்சம் ரிஃபைன்ட்…"

"ஆமா, அழகான டப்பால இருக்கு." இரண்டாவதில் விரல் நுனியைத் தொட்டு, எச்சில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. "இது சோடா. ஒரு மூட்டை என்ன விலைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணாவத தொறக்கவே வேணாம், படிகாரம். சார், நான் இருபத்தாறு வருஷம் இதுலதான் கைய விட்டிருக்கேன். என்னையே மேடம்னு கூப்பிட்டு என்கிட்டயே விக்கிறீங்களே."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எஸ்டிமேட்காரரும் கடைசியில் சிரித்துவிட்டு, அந்த வரியைப் படிவத்தில் அடித்தார். மாதச் செலவு ஆறாயிரத்து ஐநூறாக இறங்கியது.

"சரி, இத மட்டும் சொல்லு" என்றார் புருஷன், அவள் பக்கம் திரும்பாமலே. "உனக்கு நீச்சல் தெரியாது. கத்துக்கவும் போறதில்ல. அப்புறம் எதுக்குத்தான் இது?"

"நிக்க."

மாடியில் நின்ற அம்மாள்கூடச் சிரித்தாள். ஆவியக்கா காலி டீ கிளாஸைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குக் கோபம் இல்லை. பணம் அவளுடையது, இடம் அவள் பெயரில் பாதி இருந்தது, முடிவு எடுத்தாகிவிட்டது. மற்றவர்கள் பேசிக் களைக்கட்டும்.

ஆனால் பேசிக் களைப்பதற்குப் பதில் அவர்கள் மாறத் தொடங்கினார்கள். அதுதான் தொந்தரவு.

முதலில் மாறியவர் புருஷன். திங்கட்கிழமை மதியம் பட்டறையிலிருந்து ஒரு வரைபடத்தோடு வந்தார். அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, காகிதத்தை விரித்து உப்பு டப்பாவை ஒரு மூலையில் வைத்தார். "கம்பெனிக்காரன் குடுக்கிற ஏணி தகரம். ரெண்டு வருஷத்துல துரு ஏறும். நானே கடைஞ்சு போடறேன், துருப்பிடிக்காத இரும்புல. கைப்பிடிக்கு ரெண்டு இஞ்ச் பைப்." கண்களில் வெளிச்சம் இருந்தது. வேண்டாத வேலை என்று சொன்னதை மறந்துவிட்டார். அவள் கிழங்கை அவர் வாய்ப்பக்கம் தள்ளினாள்.

"ஏணி எதுக்குங்க? ரெண்டு படி போதுமே."

"உனக்கென்ன தெரியும்" என்றார், மென்றுகொண்டே, அன்பாகத்தான்.

மகள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். கட்டுவது என்று ஆகிவிட்டால் ஒழுங்காகக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் குழந்தைக்கு முழங்கால் ஆழம், அங்கிருந்து சரிவு, நடுவில் தடுப்புக் கம்பி. தம்பிக்கு நீளம் வேண்டும். இருபது அடி பத்தாது, இருபத்தி நாலு. "ஞாயித்துக்கெழம நம்ம லாரிக்காரப் பசங்க நாலு பேர் வந்து குதிச்சா தலை இடிக்கக் கூடாதுல்லக்கா." புருஷன் ஒவ்வொன்றுக்கும் எஸ்டிமேட்காரருக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மொத்தம் பத்து லட்சத்து எழுபதாயிரத்தில் வந்து நின்றது. பதினோரு லட்சத்தில் மிச்சம் முப்பதாயிரம்.

"கணக்குக் கச்சிதமா வந்துருச்சு பாத்தியா" என்றார் புருஷன். அளந்து வைத்தது போல வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். நாலு பேர் குதிக்கிற தண்ணீர். குழந்தை கத்துகிற தண்ணீர். ஏணியைப் பற்றிப் புருஷன் வருகிறவர்களிடமெல்லாம் விளக்குகிற தண்ணீர். இதில் தான் எந்த மூலையில் நிற்பது என்று பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னால் எல்லோரும் நிம்மதியாகப் பதினோரு லட்சத்துக்கு வேறு வழி சொல்வார்கள். சரி என்றால் எல்லோரும் குளிப்பார்கள். சொல்ல வேண்டிய மூன்றாவது வார்த்தை ஒன்று இருக்கிறது. அது என்ன என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. புதன்கிழமை ஒப்பந்தம். கையெழுத்தும் முன்பணமும்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் மண் எப்படி என்று பார்க்க வேண்டும். அடியில் பாறை இருந்தால் விலை ஏறும். அதற்காகப் புதன்கிழமை காலை குழிக்காரர் வந்தார். அந்தப் பேட்டையில் பாதி வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டி வெட்டிக் கட்டியவர். ஐம்பது வயது, முதுகு கடப்பாரை மாதிரி. கடைசல்காரர் அவரிடம் ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தார். நாலடி பத்து இஞ்சில் சிவப்புக் கோடு.

"நாலுக்கு நாலு, இந்தக் கோடு வரைக்கும். ஒரு நூல் கூட வேணாம், குறைய வேணாம்."

குழிக்காரர் குச்சியைத் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "இறங்குறது யாருங்க?"

"அதான் கோடு போட்டிருக்கேனே."

குழிக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. வெட்டுகிறவருக்குக் கோடு போதும். மேல் மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை விழும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டடிக்குக் கீழே செம்மண், மெத்தென்று வந்தது. பாறை இல்லை. வெயில் ஏற ஏற மண்குவியல் மேலே வெளுத்து, உள்ளே இருந்து வருகிற மண் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. ஆவியக்கா ரொட்டியும் வெங்காயமும் டீயும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குழிக்குள் நின்றபடியே, தரையை மேசையாக வைத்துச் சாப்பிட்டார்.

"காலு எப்படி நிக்குது?" என்று கேட்டாள், அவர் நின்ற விதத்தைப் பார்த்து.

"காலா? அத ஏன் கேக்கறீங்க. வீட்டுக்குப் போய்ச் சுவத்துல தூக்கி வெச்சுப் படுத்தாத்தான் தூக்கம்."

"எனக்கும்."

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். மகள் அரைநாள் லீவு போட்டிருந்தாள். தம்பி லாரியைத் தெருவில் நிறுத்திவிட்டு, பின்னால் வந்த ஆட்டோக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். எஸ்டிமேட்காரர் ஒப்பந்தத்தைத் தகரப் பெட்டி மேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஓட்டுச் சில்லு வைத்தார். கடைசல்காரர் குழியின் நாலு மூலையிலும் அளந்து பார்த்துத் தலையாட்டினார்.

"இறங்கிப் பாக்குறேன்" என்றாள் ஆவியக்கா.

"மண்ணுல என்ன பாக்கப் போற?"

அவள் அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்காரரின் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழே குளிர்ச்சியாக இருந்தது. மண் சுவரில் வேர் நுனிகள். அவள் நேராக நின்று, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, கண்ணை மூடி, தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள். எதிரே மண். எந்தப் பக்கம் திரும்பினாலும் மண். மேலே வானம், அதன் ஓரத்தில் நாலைந்து முகங்கள்.

தம்பிதான் முதலில் பார்த்தான். "மாமா, அக்காவக் காணோம். கொண்டை மட்டும் இருக்கு."

"எங்க போனா?" என்றாள் மாடியிலிருந்த அம்மாள், பதறிப்போய்.

"ஆளப் புதைக்கிற அளவுக்குக் கச்சிதமா இருக்கு மாமா."

"வாய மூடு மாமா" என்றாள் மகள். ஆனால் அவளும் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னங்க."

"ம்."

"இது கழுத்தளவா?"

"நாலடி பத்து. நாலு பக்கமும் பாத்துட்டேன். சரியா இருக்கு."

"அளவக் கேக்கலை. இது யாரு கழுத்து?"

கடைசல்காரர் குழியைப் பார்த்தார். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் ஐந்தடி ஒன்பது அங்குலம்.

"கழுத்துன்னா… கழுத்துதானே."

"உங்க கழுத்து."

குழந்தை மண்குவியலில் உட்கார்ந்து ஒரு கட்டியை வாயில் வைத்தது. மகள் பிடுங்கிப் போட்டாள்.

"என் உயரம் எவ்வளவுங்க?"

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கடைந்த பம்புத் தண்டின் விட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷர். "அஞ்சடி இருப்ப" என்றார், மெதுவாக.

"நாலடி பத்து" என்றார் குழிக்காரர். "அதான் குழி காட்டுதே."

"இறங்கி வாங்க" என்றாள் அவள். "டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் இறங்கினார். நாலுக்கு நாலு குழியில் இரண்டு பேர் நின்றால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்ள இடம் இல்லை. அவர் குனிந்து டேப்பின் நுனியை அவள் குதிகாலில் வைத்தார், மேலே இழுத்தார். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அளவுக் கருவி அவள் மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

"இங்கயா?"

"இன்னும் மேல. தாடைக்குக் கீழ. அங்க."

"நாலடி" என்றார். பிறகு பழக்கத்தை விட முடியாமல், "நாலடி ஒரு நூல்" என்றார்.

குழிக்காரர் விளிம்பில் குந்தி உட்கார்ந்திருந்தார். ரொட்டித் துணுக்கைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்: "அது சரிங்க, தளம் எவ்வளவு போடறீங்க?"

"எது?"

"அடியில தளம். மண்ணுலயா தண்ணி நிக்கும்? ஜல்லி போட்டு அஞ்சு இஞ்ச் தளம். மேல பூச்சு ஒரு இஞ்ச். அப்புறம் தண்ணி விளிம்பு வரைக்கும் தளும்பக் கூடாது, நாலு இஞ்ச் விடணும். நீங்க குடுத்த கோட்டுல எதுவும் சேக்கலையே. கம்பெனிக்காரர் சேப்பாருன்னு நெனச்சேன்."

கடைசல்காரர் குழிக்குள்ளேயே ஏணிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷமாகக் கடைகிற வேலை. கடைசலில் எடுப்பது மட்டும்தான். ஒரு நூல் எடு, அரை நூல் எடு. எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் பொருள். சேர்ப்பது என்று ஒன்று அந்தத் தொழிலில் கிடையாது. "தளத்த விட்டுட்டேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பெண்டாட்டி உயரம் தெரியவில்லை என்பதைவிடக் கஷ்டமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"அஞ்சும் ஒண்ணும் ஆறு, ஆறும் நாலும் பத்து" என்றாள் ஆவியக்கா. "நாலடி, அப்புறம் பத்து இஞ்ச்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் குழி உங்க கழுத்துக்குப் பத்தாது. என் கழுத்துக்குச் சரியா இருக்கு." அவள் சுவரைக் கையால் தட்டினாள். "ஆழத்துல கை வைக்க வேணாம். அகலம் மட்டும் கொஞ்சம் தள்ளினாப் போதும். உள்ளளவு ஆறடிக்கு அஞ்சடி. ஓரத்துல ரெண்டு படி. ஓடு வேணாம், லைட்டு வேணாம்."

எஸ்டிமேட்காரர் குழியோரம் வந்து குனிந்தார். "மேடம், எங்ககிட்ட மினிமம் பதினாறுக்கு எட்டு. நீங்க சொல்றது குளமே இல்ல. தொட்டி."

நேற்றிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த மூன்றாவது வார்த்தை அதுதான்.

"தொட்டிதான்" என்றாள். "நான் எப்பங்க குளம் கேட்டேன்?"

புருஷன் எழுந்து வழிவிட, ஏணியில் ஏறி வந்தாள். முட்டி மடங்கும்போது சத்தம் கேட்டது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். குழிக்காரரிடம் நேராகக் கேட்டாள். "நீங்க கட்டுவீங்களா?"

"கட்டுவேன். செங்கல், சிமெண்ட், கசியாத பூச்சு, வடிகால் குழாய், கூலி எல்லாம் சேத்து ஒண்ணு நாப்பது. மூணு வாரம்."

"அக்கா!" தம்பி முகத்தைச் சுளித்தான். "செப்டிக் டேங்க் கட்டறவர்கிட்டயா?"

குழிக்காரர் கோபப்படவில்லை. "உள்ள கிடக்கறது ஒரு சொட்டு வெளிய வராம கட்டறேன் தம்பி. இருபது வருஷமா ஒரு வீட்ல புகார் இல்ல. தண்ணிய நிறுத்த மாட்டேனா?"

"ஆஸ்பத்திரித் துணி துவைச்சவ நான்" என்றாள் அவள் தம்பியிடம். "எது அழுக்கு, எது சுத்தம்னு எனக்கு நீ சொல்லாத. அரை லாரிக்குக் கொஞ்சம் மேல தண்ணி பிடிக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கொண்டு வா. பழைய தண்ணி செடிக்கும் துணிக்கும். ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியும். பாதி ரேட்டு வேணாம், முழு ரேட்டு வாங்கிக்கோ. அப்பத்தான் நீ குதிக்க மாட்ட."

மகள் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு நாப்பது போனா, ஒம்போது அறுபது மிச்சம். அம்மா, அத அப்படியே ஒரு பாலிசில…"

"என் பேர்ல, பேங்க்ல கிடக்கட்டும்."

"குழந்தை விழுந்துட்டா?"

"இரும்பு மூடி நான் அடிக்கிறேன்" என்றார் கடைசல்காரர். இன்னும் குழிக்குள்ளிருந்தே பேசினார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. "கீல் வெச்சு, ஒரு கையால தூக்குற மாதிரி. அவ கையால."

"எவ்வளவு கனம் தூக்குவேன்னு மொதல்ல கேளுங்க" என்றாள் பெண்டாட்டி.

"கேக்கறேன்" என்றார்.

எஸ்டிமேட்காரர் ஒப்பந்தத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். படப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்து, அதையும் பையில் போட்டார். மூன்று நாள் அலைச்சல், எத்தனையோ போன். ஆனாலும் அவர் சண்டை பிடிக்கிற ரகம் இல்லை. ஆவியக்கா அவரை வீட்டின் பக்கச் சந்து வழியாக, தெருவுக்குப் போகிற இரும்புக் கதவு வரை கூட்டிக்கொண்டு போனாள்.

"டீ குடிச்சிட்டுப் போகலாமே."

"இல்லீங்க, இன்னொரு இடம் போகணும். அங்க இருபத்தி நாலுக்குப் பன்னெண்டு." வாசலைத் தாண்டியவர் திரும்பி நின்றார். முதல் தடவையாக மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அதுல இறங்கி நின்னுட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததோ இல்லையோ, அது அவர் பாடு. கொல்லையில் கடப்பாரை மறுபடி விழத் தொடங்கியிருந்தது, அகலம் தள்ளுகிறார்கள். அவள் இரும்புக் கதவை அவருக்குப் பின்னால் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டினாள்.